வழுவும் வண்ணமும்

வழு என்னும் சொல்லைத் தமிழிலக்கணம் கற்ற மாணாக்கர் நன்கறிவர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிடத்தும் வழு நேரலாம் என்று நன்னூலார் வகுத்துக் காட்டினார். அவர் வகுத்த அச்சொல்லை இன்று கணினித் துறையினர் எடுத்துக்கொண்டு, மென்பொருளில் நேரும் பிழைக்குப் பெயராக வழங்கி வருகின்றனர். பொருத்தமான வழக்கென்றே சொல்லலாம். இலக்கணத்திலே, வழுவாயினும் காரணம் நோக்கி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி எனப்படும். மென்பொருள் செய்வோரின் பதிவேட்டிலும், "பிழைதான்; ஆயினும் திருத்தப்படமாட்டாது" என்று எழுதி மூடிவைப்பதற்கு ஓரிடம் உண்டு. பவணந்தியார் கண்டிருந்தால் புன்னகை புரிந்திருப்பார்.

அந்தப் பதிவேட்டைப் பற்றியும், அதன் வரிசைகளுக்கு நிறம் தீட்டும் விதிகளைப் பற்றியுமே இங்கு எழுத எண்ணினோம். மென்பொருட்டுறையை நாடிச் செல்லும் நம் பிள்ளைகள், தொழிலிற் சேர்ந்த முதல் வாரத்திலேயே இப்பதிவேட்டின் முன் அமர்த்தப்படுகின்றனர். திரையெங்கும் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாய் வரிசைகள் தோன்றும். எந்த நிறத்துக்கு என்ன பொருள், அப்பொருளை யார் கொடுத்தார் என்று கேட்பவர் மிகச் சிலர்.

மென்பொருளொன்றைப் பலர் கையாளும்போது பலவகைக் குறைகள் வெளிப்படும். ஒருவர் அழுத்திய பொத்தான் இயங்கவில்லை. இன்னொருவரின் கணக்கிலே தொகை பிழைத்தது. வேறொருவருக்குத் தமிழெழுத்தின் கொம்பு இடம் மாறித் தோன்றியது. இவற்றை வாய்மொழியாகவும் கடிதமாகவும் பெற்றுக்கொண்டிருந்தால் பாதி மறந்துபோகும். ஆகவே, ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் ஓர் இலக்கமிட்டு, அறிவித்தவர் யார், குறையின் கடுமை எவ்வளவு, யாரிடம் ஒப்படைக்கப்பட்டது, எந்நிலையில் உள்ளது, எத்தேதிக்குள் தீர்க்கவேண்டும் என்பனவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கின்றனர். இதற்கென்றே செய்யப்பட்ட மென்பொருள்கள் பல. நெற்ஸ்கேப் நிறுவனத்தாரின் தேவைக்காகப் பிறந்து 1998 இல் யாவருக்கும் பொதுவாக்கப்பட்ட பக்சில்லா அவற்றுள் பழையவற்றில் ஒன்று எனலாம். 2000 ஆம் ஆண்டளவில் மாண்டிஸ் தோன்றியது. 2002 இல் ஜிரா வெளிவந்தது.

இப்பெயர்களுக்குள்ளே சிறு வேடிக்கை உண்டு. ஆங்கிலத்தில் மென்பொருட் பிழையைப் 'பூச்சி' எனப் பொருள்படும் சொல்லாற் குறிப்பர். 1947 செப்டெம்பரில் ஹார்வார்ட் பல்கலைக்கழகக் கணினியொன்றின் உள்ளே அகப்பட்டுக் கிடந்த விட்டிலை எடுத்துப் பதிவேட்டிலே ஒட்டி வைத்தனர் என்பது யாவரும் அறிந்த கதை. ஆயினும் எடிசன் காலத்திலேயே பொறியியலாளரிடையே அச்சொல் வழங்கியது. பூச்சி பிடிக்கும் மென்பொருளுக்கு மாண்டிஸ், அஃதாவது பூச்சிகளைத் தின்னும் கும்பிடுபூச்சி, என்று பெயரிட்டது நல்ல நகைச்சுவையே. ஜிரா என்பதோ, பக்சில்லாவை ஒலியொப்புமையாற் கொட்சில்லா எனக் கேலிசெய்தோர், அப்பூதத்தின் யப்பானியப் பெயரான 'கொஜிரா'வின் தலையைக் கொய்து வைத்த பெயராம்.

இனி நிறத்துக்கு வருவோம். மாண்டிஸ் என்னும் பதிவேட்டை நிறுவிய உடனேயே, எவரும் கேளாமல், அது முறைப்பாடுகளின் நிலைக்கேற்ப நிறங்களைத் தீட்டித் தருகின்றது. புதிதாய் வந்தது வெளிர்சிவப்பு. அறிவித்தவரிடம் மேலும் விளக்கம் கேட்கப்பட்டது இளஊதா. பெற்றுக்கொண்டோம் என ஒப்பப்பட்டது செம்மஞ்சள். உண்மைப் பிழையே என உறுதியானது மஞ்சள். ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது இளநீலம். தீர்க்கப்பட்டது இளம்பச்சை. மூடப்பட்டது சாம்பல். எல்லாம் வெளிறிய நிறங்களாய் இருப்பதைக் கவனிக்க வேண்டும். நிறம் பின்னணியாய் நிற்பது. அதன்மேல் எழுத்தை வாசிக்க வேண்டும். உலகளாவிய வலைச் சங்கத்தார் வகுத்த நெறிப்படி, சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாடு 4.5 க்கு 1 என்னும் விகிதத்துக்குக் குறையாதிருத்தல் வேண்டும். வெண்மையின்மேல் தூய மஞ்சளெழுத்தை எழுதினால் அவ்விகிதம் 1.07 க்கு 1 மாத்திரமே. எழுத்து இருப்பதே தெரியாது. தூய சிவப்பெழுத்துங்கூட 4 க்கு 1 என்ற அளவில் நின்று, எல்லையைச் சற்றே தவறவிடுகின்றது.

மாண்டிஸின் பட்டியலிலே நாம் பெரிதும் மெச்சுவது ஒன்றுண்டு. சிவப்பு, மிகக் கொடிய பிழைக்கு அங்கே கொடுக்கப்படவில்லை. இன்னும் எவராலும் பார்க்கப்படாத முறைப்பாட்டுக்கே கொடுக்கப்பட்டிருக்கின்றது. "யாரோ ஒருவர் எழுதியிருக்கின்றார், அவருக்கு நம்மில் எவரும் இன்னும் செவிசாய்க்கவில்லை" என்பதே அந்நிறத்தின் பொருள். இது ஒருவகைத் தெரிவு. வேறு தெரிவுகளும் உண்டு. ஜிராவின் பலகையிலே, முறைப்பாட்டின் வகை, முதன்மை, பொறுப்பாளர் ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டோ, நாமே எழுதும் வினவல்களைக் கொண்டோ அட்டைகளுக்கு நிறமிடலாம்.

இவ்விடத்திலேதான் பெரும்பாலார் இடறுகின்றனர். நிறம் என்பது ஒரு விடை. விடைக்கு முன்னே வினா இருத்தல் வேண்டும். "இதனால் விளையும் கேடு எவ்வளவு?" என்பது ஒரு வினா. "இதை எப்போது செய்யவேண்டும்?" என்பது வேறு வினா. "இப்போது யார் கையில் இருக்கின்றது?" என்பது மூன்றாவது. முதலிரண்டும் ஒன்றென எண்ணுவோர் பலர், அவை ஒன்றல்ல. நிறுவனமொன்றின் முகப்பிலே அதன் பெயர் எழுத்துப்பிழையோடு நின்றால் கேடு சிறிது. ஆயினும் உடனே திருத்தியாக வேண்டும். எவருமே கையாளாத பழங்கணினி ஒன்றில் மட்டும் மென்பொருள் முற்றாய்ச் செயலிழந்தால் கேடு பெரிது. ஆயினும் அது காத்திருக்கலாம். வினாக்கள் மூன்றுக்கும் ஒரே சிவப்பை விடையாக வைத்தால், அச்சிவப்பைக் காண்பவர் எதனை அறிவார்?

வினாவைத் தெரிந்தபின் விதிகளை வரிசைப்படுத்தல் வேண்டும். வரிசையின் அருமையை விளக்க, கணினிக்குப் புறம்பான உதாரணம் ஒன்றே சிறந்தது. பெரு விபத்துக்களிலே காயமுற்றோரை வகைப்படுத்தும் முறையொன்றை 1983 இல் கலிபோர்ணியாவின் நியூபோர்ட் பீச் நகரத்துத் தீயணைப்புப் படையினரும் அங்குள்ள ஹோக் வைத்தியசாலையினரும் வகுத்தனர். நான்கு நிறச் சீட்டுக்கள்: உடனடிச் சிகிச்சைக்குச் சிவப்பு, சற்றுப் பொறுக்கக்கூடியவர்க்கு மஞ்சள், சிறு காயத்துக்குப் பச்சை, மாண்டோர்க்கும் மீட்க இயலாதோர்க்கும் கறுப்பு. சீட்டைக் கட்டுவதற்கு முன் கேட்கும் வினாக்களுக்கு ஒழுங்கு உண்டு. எழுந்து நடக்க முடிகின்றதா? முடிந்தால் பச்சை, அங்கேயே முடிந்தது. மூச்சு இல்லையா? சுவாசவழியைத் திறந்து பார்த்தும் இல்லையெனின் கறுப்பு. நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு வாங்குகின்றதா? சிவப்பு. நகத்தை அழுத்தி விட்டபின் இரத்தம் திரும்ப 2 விநாடிக்கு மேற் செல்கின்றதா? சிவப்பு. சொன்னதைக் கேட்டுச் செய்ய முடியவில்லையா? சிவப்பு. இவை எதிலும் சிக்காதவர்க்கே மஞ்சள்.

நடக்கக்கூடியவரை முதலில் விலக்கிவிடுவதன் நுட்பம் நோக்கத்தக்கது. ஓலமிட்டு ஓடிவரும் நூறு பேரை ஒரே வினாவால் ஒதுக்கிவிட்டால், ஓசையின்றிக் கிடப்பவர்களிடம் செல்ல நேரம் கிடைக்கின்றது. மென்பொருட் பதிவேட்டை வகைப்படுத்துவதற்கும் கணினித்துறையினர் இவ்வைத்தியச் சொல்லையே இரவல் வாங்கியுள்ளனர் என்பது தற்செயலன்று.

பதிவேட்டு விதிகளும் இவ்வாறே மேலிருந்து கீழாகப் பார்க்கப்படுகின்றன. முதலிற் பொருந்திய விதி நிறத்தைத் தீர்மானிக்கும். அதற்குக் கீழுள்ளவை பேசா. நூலகமொன்றின் இரவற் கணக்கை நடத்தும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதன் பதிவேட்டுக்கு நான்கு விதிகள் போதும். பதிவுகள் அழியவோ வாசகரின் அந்தரங்கத் தகவல் வெளியாகவோ இடமளிக்கும் பிழை, இன்னும் தீராதிருப்பின், சிவப்பு. வாக்களித்த தேதி கடந்தும் தீராதது செம்மஞ்சள். அறிவித்து ஏழு நாளாகியும் ஒரு மறுமொழியும் பெறாதது ஊதா. தீர்ந்தது சாம்பல். ஏனையவை யாவும் நிறமின்றி வெள்ளையாய் இருக்கட்டும்.

இவற்றுக்கு மேலே, "ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது நீலம்" என்று ஐந்தாவது விதியொன்றை யாரோ நன்னோக்கத்துடன் சேர்த்துவிடுகின்றனர் எனக் கொள்வோம். திங்கட்கிழமை காலையில், இரவற் பதிவுகள் அழிந்துபோகின்றன என்னும் முறைப்பாடு சிவப்பாய் நிற்கின்றது. அதை ஒருவரிடம் ஒப்படைத்த கணமே அது நீலமாகி, ஏலவேயுள்ள நாற்பது நீலங்களுக்குள் மறைந்துவிடும். பிழை தீரவில்லை, பதிவுகள் அழிந்துகொண்டேயிருக்கின்றன, சிவப்பு மட்டும் அகன்றுவிட்டது. அதே விதியை ஈற்றில் வைத்திருந்தால் ஒரு தீங்கும் இல்லை. "இன்னும் தீராதிருப்பின்" என்ற தொடரை விதியில் எழுத மறப்பதும் அடிக்கடி நேர்வதே. அத்தொடர் இல்லையாயின், மூன்றாண்டுக்கு முன் தீர்ந்த பிழையும் இன்றைய பிழையும் ஒரே சிவப்பாய் வரிசையில் நிற்கும்.

சிவப்பு மலிந்தால் என்ன ஆகும் என்பதற்கு, மென்பொருள் வரலாற்றில் துயரமான சான்று ஒன்று இருக்கின்றது. கனடாவின் அணுசக்தி நிறுவனம் செய்த தெராக்-25 என்னும் கதிர்ச்சிகிச்சைப் பொறி, 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரையிலான காலத்தில் ஆறு நோயாளருக்கு அளவுமீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. அவருட் சிலர் அதனாலேயே உயிரிழந்தனர். அப்பொறியின் திரையிலே பழுதென்னும் ஒரு சொல்லும் ஓர் இலக்கமும் மட்டுமே தோன்றும். அற்பமான தடங்கலுக்கும் உயிராபத்துக்கும் ஒரே தோற்றம். டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில் 1986 மார்ச்சில் 54 ஆம் இலக்கப் பழுது தோன்றியது. நாள்தோறும் பழுதறிவிப்புக்களைக் கண்டு பழகிய இயக்குநர், தொடர்ந்து செல்லுவதற்குரிய ஒற்றை விசையை அழுத்தினார். ஏற்கெனவே அளவுமீறிய கதிர்வீச்சைப் பெற்றிருந்த நோயாளிமேல் அது மீண்டும் பாய்ந்தது. வேறொரு சிகிச்சை நிலையத்திலே சில நாட்களில் இத்தகைய தடங்கல் நாற்பது அளவில் நேர்ந்ததாகப் பின்னர் தெரியவந்தது. நாற்பது தடவை பொய்யாய் ஒலித்த மணியை நாற்பத்தோராவது தடவை யார் நம்புவார்?

நேர்மையாகச் சொல்வதாயின், அவ்விபத்துக்களின் மூலகாரணம் நிறமின்மையன்று. முன்னைய பொறிகளிலிருந்த பொறிமுறைத் தடுப்புக்களை நீக்கி, அவற்றின் பொறுப்பையும் மென்பொருளிடமே விட்டதும், அம்மென்பொருளிலே நேரக்கணிப்புச் சார்ந்த வழு மறைந்திருந்ததும், வைத்தியசாலைகள் அறிவித்த குறைகளை நிறுவனம் உரிய கவனத்துடன் பாராததுமே காரணங்கள். அவற்றைச் சிவப்பு மை தீர்த்திராது. எனினும், எல்லா அறிவிப்பும் ஒரே தோற்றமுடையனவாயின் எதுவும் அறிவிப்பாகாது என்பதை இவ்வரலாறு தெளிவாய்க் காட்டுகின்றது. எல்லாம் சிவப்பாயினும் நிலைமை அதுவே. பதிவேட்டிலே வரிசைகளிற் பாதி சிவந்திருக்கக் காணின், பிழைகள் மலிந்தன என்று உடனே எண்ணற்க. விதி தளர்ந்துவிட்டதா என்று முதலிற் பார்க்க. தத்தம் முறைப்பாடே மிகக் கடியது என அறிவிப்போர் யாவரும் குறித்துவிடுவது மனித இயல்பு. ஆதலால், கடுமையைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை அறிவிப்பவரிடம் விடாமல், பதிவேட்டை நாள்தோறும் பார்வையிடும் ஒருவரிடம் கொடுத்தலே தக்கது.

இன்னொரு குறை கண்ணைப் பற்றியது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியக் கூடாதவர்கள், வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்மர். பெண்களில் இருநூறு பேருக்கு ஒருவர். ஆசிய நாட்டினரிடம் இது சற்றுக் குறைவாயினும் இல்லாமலில்லை. சுவீடன் நாட்டின் லாகர்லுந்தாவில் 1875 நவம்பரில் இரு புகையிரதங்கள் மோதின. சமிக்ஞை விளக்கின் நிறத்தை ஊழியர் பிரித்தறியாமையே காரணமாகலாம் என உப்சாலாப் பேராசிரியர் ஹோம்கிரென் கருதி, வண்ணக் கம்பளி நூல்களைக் கொண்டு புகையிரத ஊழியரைச் சோதிக்கும் முறையை ஏற்படுத்தினார். அவ்விபத்துக்கு அதுவே காரணம் என்பதை இக்கால ஆய்வாளர் சிலர் ஐயுறுகின்றனர்; ஆயினும் பார்வைச் சோதனை பல நாடுகளிலும் நிலைத்துவிட்டது. 1917 இல் யப்பானிய வைத்தியர் இஷிஹாரா வெளியிட்ட புள்ளிப் படங்களையே இன்றும் பயன்படுத்துகின்றனர்.

புகையிரதத்துறை அத்தகையோரை வேலைக்கு எடுக்காமல் விடலாம். மென்பொருட்டுறை அவ்வாறு செய்ய வேண்டியதில்லை, செய்தலும் அறமன்று. தீர்வு மிக எளிது: நிறத்தோடு ஒரு சொல்லையோ குறியையோ சேர்த்துவிடுதல். செய்தியை நிறத்தால் மாத்திரம் உணர்த்தற்க என்பது மேற்கூறிய வலைச் சங்கத்தாரின் நெறிகளில் ஒன்று. மாண்டிஸில் நிறத்தோடு நிலையின் பெயரும் எழுதப்பட்டிருப்பதை இங்கு நினைவுகூரலாம். சிவப்பு, பச்சை என்னும் இணைக்குப் பதிலாக நீலம், செம்மஞ்சள் என்னும் இணையைத் தேர்ந்தால் இன்னும் நன்று. சோதித்துப் பார்க்கப் பெருஞ்செலவு வேண்டாம். பட்டியலைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு, விதிகளை அறியாத ஒருவர் கையிற் கொடுத்து, எதை முதலிற் கவனிப்பீர் என்று கேட்டாற் போதும்.

நிறத்தின் பொருள் ஊருக்கு ஊர் வேறுபடுவதையும் மறத்தலாகாது. சிவப்பு அபாயம் என்பது எங்கோ ஓரிடத்து வழக்கு. நம் இல்லங்களிலே அது குங்குமத்தின் நிறம். கூறைச் சேலையின் நிறம். சீனா, யப்பான் ஆகிய நாடுகளின் பங்குச் சந்தைப் பலகைகளிலே விலை ஏறினால் சிவப்பு ஒளிரும். மேனாட்டாருக்கோ அதுவே இறங்குமுகம். எம் போன்ற ஆசிரியர் கையில் அது கொப்பி திருத்தும் மையின் நிறம். நல்ல விடையையும் அதனாலேயே சரியிடுகின்றோம். ஆகையால், நிறப்பொருள் விளக்கமொன்றைப் பதிவேட்டின் தலைப்பிலேயே எழுதி வைத்தல் அவசியம். ஐந்து நிறத்துக்கு மேற்பட்டால் அவ்விளக்கத்தை ஒருவரும் நினைவிற் கொள்ளார் என்பது எம் எண்ணம்.

கடைசியாக, காலத்தைப் பற்றிய விதிகள். "தேதி கடந்தால் செம்மஞ்சள்" என்னும் விதி ஏனையவற்றினும் வேறானது. எவரும் முறைப்பாட்டைத் தொடாமலே, நள்ளிரவு கடந்ததும் அது தானாய் நிறம் மாறுகின்றது. எந்த ஊர் நள்ளிரவு என்பதே கேள்வி. சேவையகக் கணினிகள் பல உலகப் பொதுநேரத்தில் ஓடுகின்றன. இலங்கை நேரம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. திங்கட்கிழமைக்குள் முடிக்கவேண்டிய வேலை முடியாதிருந்தால், கொழும்பிலே செவ்வாய் அதிகாலை ஐந்தரை மணி வரை அது தவணை தவறாதது போலவே காட்சி தரும். அதே வேலையைக் கலிபோர்ணியாவிலிருந்து செய்பவருக்கோ, கோடைகாலத்துத் திங்கள் மாலை ஐந்து மணிக்கே, நாள் முடியுமுன்னர், வரிசை செம்மஞ்சளாகிவிடும். இரு நாட்டினர் சேர்ந்து பணியாற்றும் இடங்களிலே, யார் தாமதித்தார் என்னும் வீண் பிணக்கு இதனால் எழுதல் எளிது. தவணைத் தேதி எந்த ஊர் நேரப்படி முடிகின்றது என்பதை விளக்கக் குறிப்பிலே ஒரு வரியாக எழுதிவிட்டு, அதன்பின்னரே அவ்விதியை இயங்க விடுதல் நன்று.